வங்குரோத்துக்காரர் சமுகமளித்துள்ளார்

மூக்காயி செத்தபோது அவள் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் இருந்தன. சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்த புண்ணியவதி என்று சொல்லி, மஞ்சள் பூசிச் சிவப்புச் சேலை உடுத்தித்தான் பிலிமத்தலாவைச் சனம் அவளை அனுப்பிவைத்தது. சொல்லும்போதே பாதிப் பேர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அவள் புருஷன் சண்முகநாதனை யாரும் கண்ணால் கண்டு நாற்பது வருஷம் ஆகியிருந்தது. ஊர் அவனுக்கு என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டது. கடன் தலைக்கு மேல் போனதும் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்கு ஓடிவிட்டான், அங்கே இன்னொருத்தியோடு இன்னொரு கடை போட்டிருக்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்தக் காலத்தில் நம் மலையகச் சனத்தில் யார் காணாமற்போனாலும் கப்பலேறிவிட்டான் என்பதுதான் முதல் பேச்சு. பாதிக்குப் பாதி அது உண்மையாகவும் இருந்ததால், மீதிப் பாதியை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

மகள் பரிமளமும் தேடிப் பார்க்கவில்லை. அப்பா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது ஐம்பத்து மூன்று. ஒரு பிரதேச சபையில் வரிமதிப்புப் பிரிவில் எழுதுவினைஞர், குண்டசாலையில் சொந்த வீடு, புருஷன், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள். யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் "இல்லை" என்பாள். செத்துவிட்டாரா, போய்விட்டாரா என்று கேட்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும் என்று அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வாள்.

மூக்காயி மட்டும் விடவில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முடியும்.

"அன்னிக்கு வழக்குக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு புள்ள. வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. கோட்டுக்குப் போனாரா, இல்லியா? அத மட்டும் பாத்துச் சொல்லு. போயிருந்தாருன்னா அவரு நம்மகிட்டப் பொய் சொல்லல."

"பாக்கிறேம்மா. அடுத்த மாசம் லீவு போட்டுப் பாக்கிறேன்."

அந்த அடுத்த மாதம் நாற்பது வருஷத்தில் வரவேயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக அம்மா வாய் திறந்தபோதும் அதையேதான் கேட்டாள். பரிமளம் அப்போதும் "பாக்கிறேன்" என்றுதான் சொன்னாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் லீவு போட்டாள். இருக்கும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்காதவர்கள், போன பிறகு இரண்டு மாதம் ஒதுக்குவார்கள். உலக வழக்கம் அது.

சண்முகநாதன் பிலிமத்தலாவையில் அலுமினியச் சாமான் கடை வைத்திருந்தவர். சிநேகிதன் ஒருவனுக்குப் பிணை நின்றார், சிநேகிதன் கைவிரித்தான், கடன்காரர்கள் இவர் வாசலுக்கு வந்தார்கள். கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்து வங்குரோத்துக்காரர் ஆனார். கடையை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இவ்வளவுதான் பரிமளத்துக்குத் தெரியும். எந்த நீதிமன்றம் என்றுகூடத் தெரியாது.

கண்டியில் போய்க் கேட்டாள். அங்கே அந்தப் பெயரில் வழக்கு இல்லை. மற்ற ஊர்களில் கேட்டால், வழக்கிலக்கம் இருந்தால்தான் தேடலாம் என்றார்கள். இலக்கம் வழக்கேட்டில் இருக்கும், வழக்கேட்டைப் பார்க்க இலக்கம் வேண்டும். தானும் ஒரு சபையில் இருபத்தெட்டு வருஷமாக இதே பதிலைச் சனத்துக்குச் சொல்லி வந்தவள்தான் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது, நல்லவேளையாக வெட்கமும் வந்தது.

வழி காட்டியது நிஷாந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வழக்கறிஞராக இருக்கும் பெண். பரிமளத்தின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"அக்கா, வங்குரோத்து எண்டால் ஒளிச்சு மறைச்சுச் செய்யேலாது. கடன் குடுத்த ஆக்கள் எல்லாருக்கும் தெரியவேணும் எண்டு அரசாங்க வர்த்தமானியில அறிவித்தல் போடுவினம். எந்தக் கோடு, என்ன இலக்கம், எல்லாம் அதில கிடக்கும். பழைய வர்த்தமானிக் கட்டுகள் நூலகத்தில இருக்கும், போய்ப் பாருங்கோ. பிறகு வழக்கேட்டைப் பாக்கிறதுக்கு நான் மனுப் போட்டுத் தாறன். அது பொது ஆவணம், ஆரும் மறுக்கேலாது."

இரண்டு சனிக்கிழமைகள் நூலகத்தில் தூசி தின்றாள். மூன்றாம் சனிக்கிழமை, மூலை அரித்துப்போன ஒரு பக்கத்தில், கள்ளுத் தவறணைக் குத்தகை அறிவித்தலுக்கும் காணி விற்பனைக்கும் நடுவில் அப்பாவின் பெயர் இருந்தது. முத்தையா சண்முகநாதன், வியாபாரி, பிலிமத்தலாவை. நாடு முழுக்கப் பார்க்கட்டும் என்று அச்சடித்த அவமானம். அதை விரலால் தொட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. ஓடிப்போனவனுக்காக அழக்கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இலக்கத்தை எழுதினாள்.

அது எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை, அங்கே வேலை செய்கிறவர்களை வம்பில் மாட்டிவிட விருப்பமில்லை. பிலிமத்தலாவையிலிருந்து ஒரு மணி நேரம் மலையைச் சுற்றிப் போனால் வரும் சின்ன ஊர். கடன் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அதனால் வழக்கு அங்கே. பழைய கட்டடம், அகலமான கருங்கல் படிக்கட்டு, பின்பக்கம் இறக்கத்தில் தகரக் கூரை போட்ட பதிவறை.

பதிவறையைப் பார்த்துக்கொள்பவர் இப்ஹாம் என்பவர். ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. அவருடைய வாப்பாவும் அதே நீதிமன்றத்தில் ஆராச்சியாக, அதாவது வாசலில் நின்று வழக்காளிகளின் பெயரைக் கூப்பிடும் சேவகராக, இருந்து போனவர். பதிவாளர் கையெழுத்து வைத்த மனுவை வாங்கி இலக்கத்தைப் படித்ததும் இப்ஹாமின் முகம் மாறியது.

"இத நீங்க ஏன் கேக்கிய?"

"எங்க அப்பாவோட வழக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"மூணாவது அலுமாரி, அடித்தட்டு. நீங்களே எடுங்க தங்கச்சி. நான் அந்தக் கட்டத் தொடுறல்ல."

"ஏன்?"

"ஒண்டுமில்ல. எனக்கு ஆஸ்மா ஈக்கி."

மற்றக் கட்டுகளை எல்லாம் எலி தின்றிருந்தது, கரையான் அரித்திருந்தது, மழை நீர் இறங்கிக் கட்டியாகியிருந்தது. இது மட்டும் நேற்றுக் கட்டிவைத்ததுபோல இருந்தது. நாடா புதிதாக இருந்தது. மேலே தூசியே இல்லை.

வழக்கேட்டில் முதலில் இருப்பது ஒவ்வொரு தவணையிலும் என்ன நடந்தது என்று எழுதும் தாள்கள். பரிமளம் நேரே அந்த நாளுக்குப் போனாள். 1984, மார்ச் 14, புதன்கிழமை. ஆங்கிலத்தில் மூன்றே வரிகள். பெயர் மூன்று முறை கூப்பிடப்பட்டது. வங்குரோத்துக்காரர் சமுகமளித்துள்ளார். விடுவிப்புக் கிடைக்கும்வரை ஒவ்வொரு தவணையிலும் தவறாமல் சமுகமளித்துக் கையெழுத்திட வேண்டும் என்று கட்டளை. பக்கத்தில் கையெழுத்து. ச என்ற எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, அடியில் கோடு போட்டு, கோட்டின் கீழ் இரண்டு புள்ளிகள். பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் எத்தனை முறை பார்த்த கையெழுத்து!

"வந்திருக்காரும்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நாற்பது வருஷப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. அப்பா பொய் சொல்லவில்லை. கப்பலுக்குப் போகவில்லை, கோட்டுக்குத்தான் போனார்.

அதோடு கட்டை மூடிவைத்திருக்கலாம். அடுத்த தவணைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போமே என்று தாளைத் திருப்பினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அடுத்த தவணை 1985 மார்ச், இரண்டாவது புதன். கடன்காரர்கள் வரவில்லை. வங்குரோத்துக்காரர் சமுகமளித்துள்ளார். கையெழுத்து, கோடு, இரண்டு புள்ளி. அடுத்தது 1986. அதுவும் அப்படியே. முடியாத பழைய வழக்குகளை வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்ப்பது அந்த நீதிமன்றத்தின் வழக்கம். ஆங்கிலம் போய்ச் சிங்களம் வந்தது, நீதவான்கள் மாறினார்கள், மை மாறியது, கையெழுத்து மட்டும் மாறவில்லை. ஊரடங்கு போட்ட வருஷத்திலும் வந்திருந்தார். கொரோனாவுக்காக வழக்காளிகள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கட்டளை இருந்த வருஷத்திலும் வந்திருந்தார். போன மார்ச்சிலும் வந்திருந்தார்.

பரிமளம் கட்டை விரித்தபடி விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

"யார் வந்து கையெழுத்து வைக்கிறாங்க? எங்க அப்பா உயிரோட இருக்காரா?"

இப்ஹாம் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "கோட்டுக்கு நாளைக்கு எறநூறு பேர் வார. கூப்பிட்டா ஆள் எழும்புற, பொத்தகத்த நீட்டினாக் கையெழுத்து வெக்கிற. மொகத்த ஆரு பாக்கிய? நீங்க மார்ச் மாசம் வந்து பாருங்க தங்கச்சி. நான் வேற ஒண்டும் செல்ல மாட்டேன்."

நிஷாந்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, இது கொப்பி வேலை. போன வருசத்தில என்ன கிடக்குதோ அதைப் பாத்து இந்த வருசத்துக்கு எழுதுவினம். கையெழுத்தும் ஆரோ ஒரு ஆள் பழக்கத்தில போட்டுவிட்டிருப்பார். அரசாங்கக் கந்தோரில இதெல்லாம் புதுசே?"

புதிதில்லை. பரிமளத்துக்கு அது நன்றாகவே தெரியும். வரிமதிப்புப் புத்தகத்தில் இடிந்துபோன வீடுகளுக்குக்கூட வருஷா வருஷம் "மாற்றமில்லை" என்று அவளே எழுதியிருக்கிறாள். அவளைப் போல ஒருத்தி இங்கேயும் உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடாதா? ஆனால் அப்படியென்றால் அதில் வேறொரு சங்கடம் இருந்தது. போன வருஷம் வந்ததாக எழுதியது பொய் என்றால், அந்த 1984 மார்ச்சில் வந்ததாக எழுதியதை மட்டும் எப்படி நம்புவது? அதுவும் முந்திய தவணையைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். அன்றைக்கு அவர் தலைமன்னார் ரயிலில் உட்கார்ந்திருந்திருக்கலாம். ஒன்று எல்லாம் உண்மை, இல்லாவிட்டால் எல்லாம் பொய். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

"வாற மார்ச்சில வழக்குக் கூப்பிடுற அண்டைக்கு நீங்க வாங்க" என்றாள் நிஷாந்தியிடம். பயத்தில் பரிமளத்துக்கும் அந்த யாழ்ப்பாணப் பேச்சே தொற்றிக்கொண்டது.

"ஓம், வாறன். சும்மா போய் என்ன செய்யிறது? விடுவிப்புக் கேட்டு ஒரு மனுப் போடுவம். நாப்பது வருசமாக் கடன்காரர் ஒருத்தரும் வரேல்லை. வழக்கு முடிஞ்சிடும்."

மார்ச் இரண்டாவது புதன். பரிமளம் எட்டரை மணிக்கே போய்விட்டாள். நீதிமன்றத்துக்குள் நீளமான வாங்குகள். வேலி வழக்கு, விவாகரத்து வழக்கு, வாடகை வழக்கு என்று சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பரிமளத்துக்குக் கடைசி வாங்கின் நடுவில் இடம் கிடைத்தது. நிஷாந்தி முன்னால் வழக்கறிஞர்களோடு இருந்தாள். நீதவான் சின்ன வயதுப் பெண், கண்ணாடி போட்டவர், தலையைத் தூக்காமல் எழுதுகிறவர்.

பத்து மணிவாக்கில் பரிமளம் ஒன்றைக் கவனித்தாள். நுழைய இடமில்லாத அந்த வாங்கில், அவளுக்கு வலப்பக்கம் ஒருவர் உட்காரக்கூடிய இடம் காலியாக இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பக்கத்திலிருந்த கிழவி எதையோ பார்த்து ஒதுங்குவதுபோல முழங்காலை ஒடுக்கிச் சற்று நகர்ந்திருந்தாள், அவ்வளவுதான். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவரும் அதில் வந்து உட்காரவில்லை. அங்கேயிருந்து, அந்தக் காலத்தில் அம்மா அப்பாவின் சட்டை தோய்க்கும் சலவைச் சோடா வாசனை வந்தது.

ஆராச்சி வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"முத்தையா சண்முகநாதன்!"

பரிமளம் வாசலையே பார்த்தாள்.

"முத்தையா சண்முகநாதன்! முத்தையா சண்முகநாதன்!"

அவள் காதில் ஒரு பதிலும் விழவில்லை. ஆனால் ஆராச்சி திரும்பி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவர்போல உள்ளே வந்தார். "இன்னவா" என்றார் பதிவாளரின் உதவியாளர், ஆள் இருக்கிறார் என்று சிங்களத்தில், தலை நிமிராமல். நீதவானும் நிமிராமல் எழுதினார். இருநூறு பேர் இருந்த அந்த மண்டபத்தில் ஒரு சீவனும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்காளியை யார் பார்க்கிறார்கள்? அவரவருக்கு அவரவர் வழக்கு.

நிஷாந்தி எழுந்து மனுவைச் சொன்னாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எதிர்ப்பு உண்டா என்று நீதவான் கேட்டார். இல்லை. கடன்காரர் எவரும் உண்டா? இல்லை. பிறகு பேனாவை வைத்துவிட்டு, கடைசி வாங்குப் பக்கம் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், அதைத் தமிழில் சொன்னார். "ஏதாச்சும் சொல்ல இருக்கா?"

கொஞ்ச நேரம் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரமும் முதலியார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நீதவானிடம் சிங்களத்தில் சொன்னார்: "பிள்ளை சின்னது, நேரத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் என்கிறார்."

பரிமளம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வெறும் வாங்கு. பலகையும் அதில் யாரோ கீறிய பெயர்களும். எல்லாருக்கும் கேட்கிறது, எல்லாரும் ஒதுங்குகிறார்கள், பெற்ற மகளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. தேடாதவளுக்கு எப்படித் தெரியும் என்று அவள் மனமே அவளுக்குப் பதில் சொன்னது.

"வங்குரோத்துக்காரர் விடுவிக்கப்பட்டார். வழக்கு முடிவுற்றது" என்றார் நீதவான். "நீங்க போகலாம்" என்றார் முதலியார்.

உதவியாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து வாங்கின் வெறும் இடத்துக்கு நேரே நீட்டினார். அவர் கண் பின்னால் கூப்பிட்ட அடுத்த வழக்கில் இருந்தது. பரிமளம் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணைக் கீழே கொண்டுவந்தபோது தாளில் மை ஈரமாக இருந்தது. கோடு. இரண்டு புள்ளி. பக்கத்துக் கிழவி முழங்காலை மறுபடி நீட்டிக்கொண்டாள்.

பரிமளம் எழுந்து வெளியே ஓடினாள். படிக்கட்டின் மேல்படியில் இப்ஹாம் நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"எங்க அப்பா எப்ப செத்தாரு?" என்று கேட்டாள். இருக்கிறாரா என்று கேட்க இனி ஒன்றுமில்லை.

"இப்ப அதச் செல்லலாம், வழக்கு முடிஞ்சி" என்றார் இப்ஹாம். "எங்கட வாப்பா மௌத்தாகுறத்துக்கு முந்தி எனக்கிட்டச் செல்லினார். அந்த எம்பத்திநாலாம் வருசம், இதே மாசம், காலைல ஒம்பது மணிக்கி இந்தப் படில ஒரு மனிசன் ஏறி வந்தவர் நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்த. அந்த எடத்திலயே உசிர் போயிட்டு. வெள்ளச் சட்டை. சட்டப்பைல ஒரு கடதாசியும் ஈக்கல்ல. வழக்குக்கு வந்த ஆள்தான், ஆனா எந்த வழக்கெண்டு தெரியா. அப்ப எல்லாரும் என்ன யோசிச்ச? வழக்குகளக் கூப்பிடட்டும், ஆரு வரல்லயோ அவர்தான் இந்த ஆளெண்டு. வாப்பா ஒவ்வொரு பேராக் கூப்பிட்டார். பின்னேரம் மட்டும் கூப்பிட்டார். அண்டைக்கு வராத ஆள் ஒருத்தரும் இல்ல. எல்லாப் பேருக்கும் ஆள் எழும்பின, கையெழுத்தும் வெச்ச. அதால அந்த மையத்து ஆருண்டு தெரியாமலே அரசாங்கச் செலவுல பொதச்சிட்டாங்க."

பரிமளம் படியைப் பார்த்தாள். சாதாரணக் கருங்கல் படி. அதில் வெற்றிலை எச்சில் கறை இருந்தது.

"வந்தாகணும்னு கட்டளை. அதான் வந்திருக்காரு" என்றாள். கடன்பட்டாலும் வாக்குத் தவறாத மனுஷன். அவரைத்தான் ஊர் ஓடுகாலி என்றது, அவளும் அப்படியே நினைத்தாள். சாவுகூடத் தடுக்க முடியாமல் தவணைக்கு வந்து நின்றவரை விடுவிக்க ஒரு மனுப் போதுமாயிருந்தது. அதை அவள் நாற்பது வருஷம் தள்ளிப்போட்டிருந்தாள். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தாலும் அம்மா கேட்டுவிட்டுக் கண்ணை மூடியிருப்பாள்.

"தங்கச்சி, அழவாணாம்" என்றார் இப்ஹாம். "ஒண்டு கேளுங்க. ஒவ்வொரு வருசமும் வாசலத் தாண்டக்குள்ள ஒரு கொரல் கேக்கும். 'அடுத்த தவணை எப்ப?' அவ்வளவுதான். இந்த முப்பது வருசமா நானும் தேதியச் செல்லுவேன். மொகத்தப் பாத்ததில்ல, பயம். இண்டைக்கி அது கேக்கல்ல. 'பிலிமத்தலாவ பஸ் எங்க நிக்கும்?'னு கேட்டிச்சி."

பரிமளம் நிஷாந்திக்கும் சொல்லவில்லை. வந்த முச்சக்கரவண்டியில் ஏறி, பிலிமத்தலாவைக்கு எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், வேகமாகப் போங்கள் என்றாள். வழியெல்லாம் ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளை உலுக்கிய பயம் பேயைப் பற்றியது அல்ல. நாற்பது வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிற மனுஷனுக்குக் கதவு திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அம்மா இருந்த வீடு றம்ஸியா என்ற பெண்ணின் குடும்பத்துக்குச் சொந்தமானது. முன்பக்கம் அவர்கள், பின்பக்கத்து இரண்டு அறை மூக்காயிக்கு. கடை போன காலத்திலிருந்தே அவள் அங்கேதான் வாடகைக்கு இருந்தாள், புருஷன் திரும்பி வந்தால் தேடி அலையக்கூடாது என்று கடைசிவரை வீட்டை மாற்றவில்லை. வண்டி போய் நின்றபோது றம்ஸியா வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்கள் பேச்சு.

"வாங்க தாத்தா. இப்பதான் ஒங்கட உம்மாவத் தேடி ஒரு ஆள் வந்திட்டுப் போற."

"எப்படி இருந்தாரு?"

"இன்சூரன்ஸ் ஆள் மாதிரி. வெள்ளச் சட்டை, எண்ணெ வெச்சி வாரின தல. நாப்பது வயசு ஈக்கும், ஒங்கள விட எளந்தாரி. 'மூக்காயி இருக்காளா?'னு கேட்டார். என்னடா, பெரிய மனிசியப் பேர் செல்லிக் கேக்கிறாரேண்டு நெனச்சேன். அவங்க மௌத்தாகி ஆறு மாசமெண்டு சென்னேன்." றம்ஸியா கையிலிருந்த துணியை மறந்துவிட்டாள். "அப்பிடியே நிண்டார் தாத்தா. ஒக்காருங்க, தண்ணி குடிங்கண்டு கதிரயப் போட்டேன், ஒக்காரல்ல. கொஞ்ச நேரம் போய் 'நேரம் என்ன?'னு கேட்டார். ஒரு மணி தாண்டிட்டெண்டு சென்னேன். 'புள்ள இஸ்கூல் விடுற நேரம், அவ காத்துக்கிட்டு இருப்பா'னு செல்லிட்டு அந்தப் பக்கமாப் போனார்."

அந்தப் பக்கம் என்று றம்ஸியா கைகாட்டியது பள்ளிக்கூடத் தெரு.

அன்றைக்கு, அந்த 1984 மார்ச்சில், பன்னிரண்டு வயதுப் பரிமளம் பள்ளிக்கூட வாசலில் ஐந்து மணிவரை நின்றாள். வழக்கு முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். காவற்காரன் வாசலைப் பூட்டிய பிறகும் நின்றாள். இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, பிறகு சொல்லவே பிடிக்கவில்லை. அப்பாவை அவள் வெறுத்தது ஊர்ப் பேச்சால் அல்ல, அந்த மூன்றரை மணி நேரத்தால்தான்.

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே தாய் தகப்பன்மார் குடைபிடித்து நின்றார்கள். பரிமளம் அவர்களோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடவுமில்லை. நேரே காவற்காரனிடம் போய், கந்தோரில் ஒரு அலுவல் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள். முற்றத்தைத் தாண்டி, ஏழாம் வகுப்பு இருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முழங்கால் வலித்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்றரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். அந்த வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவே, நரைத்த தலையோடு, அவளும் வாசலை நோக்கி நடந்தாள். பிள்ளைகள் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். வாசலைத் தாண்டி நான்கைந்து அடி போயிருப்பாள், தோளில் கனத்துக் கிடந்த பையை யாரோ பின்னாலிருந்து மெதுவாகக் கழற்றி வாங்கினார்கள். சலவைச் சோடா வாசனை வந்தது.

பரிமளம் திரும்பிப் பார்க்கவில்லை. பையை வாங்கியவர் கூட வரட்டும் என்று நடையை மெல்லக் குறைத்தாள். நாற்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

"ஏம்ப்பா இவ்வளவு நேரம்?"